பாட்டால் கடவுளைத் துதிப்பது: ஓர் எளிய விளக்கம்

"துதித்தால் காரியம் நடக்கும்." "வேகமாகப் பாடினால் துதி, மெதுவாகப் பாடினால் ஆராதனை." "பிரசங்கத்துக்கு முன் ஆட்கள் வந்து சேரும்வரை பாடுவார்கள்." "எனக்குக் குரல்வளம் கிடையாது, நான் சும்மா நின்றுகொள்கிறேன்." கிறிஸ்தவர்களோடு பழகியவர்கள் இந்தப் பேச்சுகளை அடிக்கடி கேட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லாம் வல்லவர் என்று சொல்லப்படும் கடவுள், மனிதர்கள் தம்மைப் புகழவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறார்? அது தற்பெருமை ஆகாதா?

பாடித் துதிப்பது கிறிஸ்தவ வாழ்க்கையின் நடுவில் இருக்கிற காரியம். அதைப் பற்றி இவ்வளவு தளர்வாகப் பேசிப் பழகிவிட்டதால், புதிதாக வருகிறவர்கள் அதை ஒரு மனநிலை என்றோ, ஒரு திறமை என்றோ, நினைத்ததைச் சாதிக்கும் மந்திரம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் அது என்ன? அடியிலிருந்து பார்ப்போம்.

## முகஸ்துதியும் துதியும்

ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது. ஒரு மருத்துவர் இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பிழைக்க வைக்கிறார். குழந்தையின் அப்பா அதன்பின் என்ன செய்வார்? பார்ப்பவரிடமெல்லாம் அந்த மருத்துவரைப் பற்றிப் பேசுவார். "நல்லவர், கெட்டிக்காரர்" என்பதோடு நிறுத்தமாட்டார். குழந்தைக்கு என்ன ஆபத்து வந்தது, மருத்துவர் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். "உங்களுக்கு ஏதாவது என்றால் நேராக அவரிடம் போங்கள்" என்பார். இப்படிப் பேசும்படி யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. மருத்துவருக்கு இது தெரியாமலே போகலாம். ஆனாலும் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

அதே மருத்துவரிடம் வேலைக்குச் சேர நினைக்கிற இன்னொருவரும் அவரைப் புகழ்வார். அந்தப் புகழ்ச்சியில் சம்பவம் எதுவும் இருக்காது, அடைமொழிகள்தான் இருக்கும். அதுவும் மருத்துவரின் காதில் விழுகிற இடத்தில்தான் வரும்.

இரண்டாவது முகஸ்துதி. வேதாகமம் துதி என்று சொல்வது முதலாவதன் பக்கத்தில் நிற்கிறது. ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, அவர் செய்ததை எடுத்துச் சொல்வது, கேட்கிறவர்களையும் அவரிடம் கூப்பிடுவது என்று அதில் மூன்று செயல்கள் இருக்கின்றன.

## சங்கீதத்துக்குள் என்ன இருக்கிறது?

சங்கீதங்கள் என்பவை பழைய ஏற்பாட்டில் உள்ள 150 எபிரெயப் பாட்டுகளும் ஜெபங்களும். கத்தோலிக்கர் இவற்றைத் திருப்பாடல்கள் என்பார்கள். கிறிஸ்தவர்கள் துதிக்கக் கற்றுக்கொண்டது இந்தப் புத்தகத்தில்தான். இருப்பதிலேயே சிறியது 117ஆம் சங்கீதம், இரண்டே வசனங்கள்:

"ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள், ஜனங்களே, எல்லாரும் அவரைப் போற்றுங்கள். அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது. கர்த்தரின் உண்மை என்றென்றைக்கும் உள்ளது. அல்லேலூயா."

முதல் வசனம் அழைப்பு. இரண்டாவது வசனம் அதற்கான காரணம். எத்தனையோ பெரிய சங்கீதங்களையும் பிரித்துப் பார்த்தால் இந்த இரண்டு பகுதிகள்தான் விரிந்துகொண்டு போகும். காரணம் சொல்லாத துதி சங்கீதங்களில் அரிது. 150ஆம் சங்கீதம் எக்காளம், வீணை, கைத்தாளம் என்று வாத்தியங்களை எல்லாம் கூப்பிட்டு முழக்கமாக முடிகிறது. அந்த ஆரவாரத்தின் நடுவிலும், "அவருடைய வல்லமையுள்ள கிரியைகளினிமித்தம்" என்று காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

136ஆம் சங்கீதம் இதைவிடத் தெளிவு. அதில் 26 வசனங்கள், 26 முறையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற ஒரே வரி திரும்ப வருகிறது. சலிப்பாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் வரும் வரி வேறு. வானம் உண்டாக்கப்பட்டது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்கள் வெளியே கொண்டுவரப்பட்டது, கடல் பிளந்தது, வனாந்தரத்தில் நடத்தப்பட்டது, கடைசியில் உயிருள்ள எல்லாவற்றுக்கும் சாப்பாடு கிடைப்பது. ஒருவர் சம்பவத்தைச் சொல்லச் சொல்ல, கூட்டம் பதில் சொல்கிறது. வரலாற்றையே பாட்டாகப் பாடுகிறார்கள்.

துதிப்பாடல் என்றால் என்ன என்பதற்கு ஐந்தாம் நூற்றாண்டின் ஆயரான அகஸ்தீன் நல்ல விளக்கம் தந்திருக்கிறார். புகழ்ச்சி இருக்கவேண்டும், அது கடவுளுக்கானதாக இருக்கவேண்டும், அது பாடப்படவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது துதிப்பாடல் ஆகாது. கீர்த்தனை, பாமாலை, ஞானப்பாட்டு என்று எந்தப் பெயரில் பாடினாலும் இந்த அளவுகோல் பொருந்தும்.

இதுவரை பார்த்தது: துதி என்பது கடவுள் யார், என்ன செய்தார் என்பதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்வது. அதைச் சேர்ந்து பாடினால் துதிப்பாடல்.

## வேகமும் மெதுவும்

துதி வேகப் பாட்டு, ஆராதனை மெதுப் பாட்டு என்ற பிரிவுக்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லை. ஆராதனை என்பது பெரிய வட்டம். ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம், திருவிருந்து, காணிக்கை எல்லாம் அதற்குள் வரும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 12ஆம் அதிகாரத்தில், ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுல், ஒருவர் தம் உடலையும் வாழ்க்கையையும் கடவுளிடம் ஒப்படைப்பதையே ஆராதனை என்கிறார். துதிப்பாடல் அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒரு பகுதி. பாட்டின் தாளத்தை வைத்து எதையும் தரம் பிரிக்க முடியாது.

## கடவுளுக்கு இது தேவையா?

தேவையில்லை. வேதாகமமே இதை ஒளிக்காமல் சொல்கிறது. 50ஆம் சங்கீதத்தில் கடவுள் பேசுகிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதன் நிறைவும் என்னுடையவைகளே." அங்கே பேச்சு பலிகளைப் பற்றியது. பாட்டுக்கும் அதே நியாயம்தான். துதியால் கடவுள் பெருத்துவிடுவதும் இல்லை, துதிக்காவிட்டால் இளைத்துவிடுவதும் இல்லை. மாற்றம் நடப்பது பாடுகிறவரிடம். தன் பயத்தையும் தன் வெற்றியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த கண், வேறொருவரைப் பார்க்கத் திரும்புகிறது.

"துதித்தால் காரியம் நடக்கும்" என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்ற 22ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம். சத்தமாகத் துதித்தால் கடவுள் இறங்கி வருவார், வந்தால் கேட்டதைச் செய்வார் என்று இதை விளக்குகிறார்கள். அதே சங்கீதத்தின் முதல் வசனத்தையும் படிக்கவேண்டும்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தைகள் இவை. கூப்பிட்டும் பதில் வராத ஒருவர், தன் முன்னோர் துதித்த அதே கடவுளை நினைத்து அந்த மூன்றாம் வசனத்தைச் சொல்கிறார். அவருக்கு அந்த நேரத்தில் எதுவும் நடந்திருக்கவில்லை. இப்படி எழுந்த வசனத்தைக் காரியம் சாதிக்கும் வழியாக மாற்றுவது, துயரத்தில் இருக்கும் விசுவாசிக்குச் செய்கிற அநியாயம். நோய் குணமாகாதபோது, "நான் சரியாகத் துதிக்கவில்லையோ" என்ற குற்ற உணர்ச்சியையும் சேர்த்து அவர் சுமக்கவேண்டி வரும்.

## யாரைப் பார்த்துப் பாடுகிறோம்?

கடவுளைப் பார்த்துத்தான். ஆனால் அதோடு முடியவில்லை. கொலோசெயர் 3:16இல் பவுல், சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் "ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" பாடும்படி எழுதுகிறார். ஆக, பாட்டு ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் போகிறது. மேலே கடவுளுக்கு, பக்கத்தில் நிற்பவருக்கு. எனக்கு நம்பிக்கை தளர்ந்த வாரத்தில் என் பக்கத்தில் நிற்பவர் அந்த வரியைப் பாடுகிறார், நான் கேட்கிறேன். அடுத்த மாதம் அவருக்காக நான் பாடுவேன்.

கிறிஸ்தவர்களைப் பற்றிக் கிறிஸ்தவர் அல்லாதவர் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 112இல் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதி அவருக்கு ஒருவர் மாற்றி ஒருவர் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. விசாரணை நடத்திய அதிகாரிக்குக் கிடைத்த தகவல்களில், பாட்டு முன்வரிசையில் இருந்திருக்கிறது.

அப்புறம் மிலான் நகரம், 386ஆம் ஆண்டு. சிறுவனாக இருந்த பேரரசரின் தாய் ஜஸ்தீனா, இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று நம்பிய தன் தரப்பினருக்காக ஓர் ஆலயத்தைக் கேட்டார். ஆயர் அம்புரோஸ் கொடுக்க மறுத்தார். மக்கள் தங்கள் ஆயரோடு சாகவும் தயாராக ஆலயத்துக்குள்ளேயே காவல் இருந்தார்கள். அகஸ்தீனின் தாய் மோனிக்காவும் அவர்களில் ஒருவர். துயரத்திலும் களைப்பிலும் மக்கள் சோர்ந்துபோகக் கூடாது என்றுதான், கிழக்கத்திய சபைகளின் வழக்கப்படி பாடல்களையும் சங்கீதங்களையும் எல்லாரும் பாடுவது அப்போது அங்கே தொடங்கப்பட்டது என்று அகஸ்தீன் எழுதியிருக்கிறார். பிரசங்கத்துக்கு முன் நேரம் போக்குவதற்காக வந்த வழக்கம் இல்லை இது. ஆபத்தில் இருந்த ஒரு சபை, தன்னைத் தானே தாங்கிக்கொள்ளக் கண்ட வழி.

பிற்காலத்தில் மேற்கத்திய ஆலயங்களில் பாட்டு பெரும்பாலும் குருக்கள், பாடகர் குழு என்று பயிற்சி பெற்றவர்கள் கைக்குப் போனது. அதுவும் லத்தீனில். 1520களில் ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், மக்கள் பேசிய ஜெர்மன் மொழியிலேயே பாட்டு எழுதி அவர்கள் கையில் கொடுத்தார். 1524இல் அச்சான முதல் சிறு தொகுப்பில் இருந்தவை எட்டே பாட்டுகள். பாடுவது சபையின் வேலை என்பதை அந்தச் சின்னப் புத்தகம் நிலைநாட்டியது.

குரல் இல்லை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. சபை பாடுவது கச்சேரி இல்லை. 1761இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாடுவதற்கான சில அறிவுரைகளை அச்சிட்டார். எல்லாரும் பாடுங்கள், பாரமாகத் தோன்றினாலும் பாடுங்கள், பாதித் தூக்கத்தில் இருப்பவர்போலப் பாடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு மேலாக உங்கள் குரல் கேட்கவேண்டும் என்று கத்தாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நன்றாகப் பாடுகிறவருக்கும் பாடத் தெரியாதவருக்கும் சேர்த்து எழுதப்பட்டவை அவை.

இதுவரை பார்த்தது: துதிப்பாடல் கடவுளுக்குப் பாடப்படுகிறது, அதே நேரத்தில் சபையார் ஒருவரை ஒருவர் தேற்றுவதற்கும் கற்பிப்பதற்கும் பாடப்படுகிறது. அதனால் அது எல்லாருடைய வேலை.

## சொன்னால் போதாதா, ஏன் பாடவேண்டும்?

சொல்லலாம். ஆனால் பாட்டு செய்கிற மூன்று வேலைகளைப் பேச்சு செய்யாது.

ஒன்று, நினைவு. அடி அளவு, எதுகை, திரும்ப வரும் பல்லவி, மெட்டு எல்லாம் சேர்ந்து சொற்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன. ஒரு வரி வந்தால் அடுத்த வரி தானாக வரும். போன வாரப் பிரசங்கத்தின் இரண்டு வாக்கியங்களைச் சொல்ல முடியாதவர், சிறுவயதில் கற்ற பாட்டை நான்கு சரணமும் பாடிவிடுவார். மறதி நோய் முற்றிய முதியவர்கள்கூட பழைய பாட்டுகளைப் பாடுவதை அவர்களைப் பராமரிப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். சபை எதைப் பாடுகிறதோ அதைத்தான் கடைசிவரை நினைவில் வைத்திருக்கும். பாட்டின் வரிகள் சரியாக இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இரண்டு, ஒருமை. நூறு பேர் ஒரே வாக்கியத்தைப் பேசினால் இரைச்சல். பாடினால் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே இடத்தில் மூச்செடுத்து, ஒன்றாக முடிப்பார்கள்.

மூன்று, உணர்ச்சி. அறிவுக்குத் தெரிந்த ஒன்றை மெட்டு நெஞ்சுக்குள் கொண்டுபோகிறது. இதில் ஆபத்தும் உண்டு. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தன்னை அதிகம் அசைத்துவிடுகிறது என்று அகஸ்தீன் கவலைப்பட்டார். அந்த நேரங்களில் பாடுவதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட எழுதினார். ஆனாலும் பாட்டே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சொல். பாட்டுப் புத்தகங்களில் சில பாட்டுகளின் தலைப்பில் 8.6.8.6 என்பதுபோல எண்கள் இருக்கும். இதற்கு அடியளவு என்று பெயர். முதல் வரியில் எட்டு அசைகள், அடுத்ததில் ஆறு என்று கணக்கு. ஒரே அடியளவில் உள்ள எந்தப் பாட்டையும் அதே அளவுக்கான எந்த மெட்டிலும் பாடலாம். உலகம் முழுக்கத் தெரிந்த 'அமேசிங் கிரேஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜான் நியூட்டன் எழுதிய வரிகள் 1779இல் வெளிவந்தன. இன்று நாம் பாடும் மெட்டோடு அவை அச்சானது 1835இல், அமெரிக்காவில். நியூட்டன் இறந்து பல ஆண்டுகள் கழித்து. வரியும் மெட்டும் தனித்தனியே பிறந்தும் அடியளவு ஒன்றாக இருந்ததால் சேர முடிந்தது. மெட்டு பழையதா புதியதா என்று சண்டை வரும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. துதி வரிகளில் இருக்கிறது. மெட்டு அதைச் சுமந்துவருகிறது.

## மனம் சரியில்லாத நாளில்

துதி என்றால் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம்தான் பலரை அமைதியாக விலக்கி வைக்கிறது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். புலம்பல் சங்கீதம் என்றால், துன்பத்தையும் முறையீட்டையும் நேராகக் கடவுளிடமே சொல்கிற பாட்டு. 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. ஆறாம் வசனத்தில், "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. எல்லாச் சங்கீதங்களும் அப்படித் திரும்புவதில்லை. 88ஆம் சங்கீதம் நண்பர்களும் விலகிப்போன தனிமையிலேயே நின்றுவிடுகிறது. அதையும் எடுத்துவிடாமல் பாட்டுப் புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் பாடியவர் கடவுளிடம்தானே முறையிடுகிறார், அந்த அளவுக்கு அவரை நம்புகிறாரே!

மார்ட்டின் ரிங்கார்ட் என்ற ஜெர்மன் போதகர், முப்பதாண்டுப் போரின் நடுவில் எய்லன்பர்க் என்ற மதில் சூழ்ந்த நகரத்தில் ஊழியம் செய்தார். போருக்குப் பயந்த அகதிகளால் ஊர் நிரம்பியிருந்தது. 1637இல் கொள்ளைநோய் வந்தது. அந்த ஆண்டில் மட்டும் அவர் 4000க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவருடைய மனைவியும் அவர்களில் ஒருவர். 'இப்போது எல்லாரும் நம் கடவுளுக்கு நன்றி சொல்வோம்' என்ற பொருளில் தொடங்கும், இன்று உலகெங்கும் பாடப்படும் பாட்டு அவர் எழுதியதுதான். வீட்டார் சாப்பிடும்போது சொல்லும் சிறு ஜெபமாக அது பயன்பட்டது. நன்றி சொல்ல அவர் நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதே பாட்டில், கடவுள் தம் கிருபையில் காத்துக்கொள்ளும்படியும் எல்லாத் துன்பத்திலிருந்தும் விடுவிக்கும்படியும் கேட்கிறார். துன்பம் இல்லாததுபோல அவர் பாடவில்லை.

இதுவரை பார்த்தது: துதிக்கக் காரணம் கடவுளிடம் இருப்பதால், நம் மனநிலை சரியாகும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அழுகையோடும் துதிக்கலாம், அழுகையை மறைக்காமலும் துதிக்கலாம்.

## ஆலயத்துக்கு வெளியே

பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பு அறுந்தால் கடவுள் அதை ஏற்பதில்லை. தீர்க்கதரிசி ஆமோஸ் வழியாக வந்த வார்த்தை கடுமையானது: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." அடுத்த வசனத்திலேயே, நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரட்டும் என்கிறார். ஏழைகளை நசுக்கிக்கொண்டே பாடியவர்களுக்குச் சொன்னது அது. எபிரெயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்திலும், துதியை உதடுகளின் கனி என்று சொன்ன அடுத்த வசனத்தில், நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறக்காதீர்கள் என்று வருகிறது.

நாளின் வேளைகளோடு பாட்டைப் பிணைப்பது பழைய பழக்கம். மேற்கத்திய சபை மரபில் லூக்கா நற்செய்தியின் மூன்று பாட்டுகள் இப்படி வந்தன. காலையில் சகரியாவின் பாட்டு, மாலையில் மரியாளின் பாட்டு, படுக்கப்போகுமுன் சிமியோனின் பாட்டு. மரியாளின் பாட்டில், கடவுள் தாழ்ந்தவர்களை உயர்த்தி, பசித்தவர்களை நன்மைகளால் நிரப்புகிறார். தினமும் சாயங்காலம் இதைப் பாடுகிறவர், பசித்தவரை மறப்பது கொஞ்சம் கடினம்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெட்டை விட்டுவிட்டு, வரிகளை உரைநடைபோல மெதுவாகப் படியுங்கள். இது யாரைப் பார்த்துப் பேசுகிறது, கடவுள் செய்த எதைச் சொல்கிறது, அது வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எதையும் சொல்லாமல் உணர்ச்சியை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிற பாட்டாக இருந்தால் வேறு பாட்டை எடுங்கள். அப்புறம் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்தவுடன், வேலைக்குப் போகும் வழியில், குழந்தைகளைத் தூங்க வைக்கும்போது, எதுவானாலும் சரி. புத்தகம் பார்க்காமல் வரும்வரை அதே பாட்டையே பாடுங்கள். பாட முடியாத நாளில் வரிகளைச் சொல்லுங்கள், அதற்கும் முடியாவிட்டால் யாரையாவது பாடச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது பாட்டாக ஒரு புலம்பலைக் கற்றுக்கொள்வது நல்லது என்பேன். 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள்தான். நன்றாக இருக்கும் காலத்திலேயே அதை மனப்பாடம் செய்துவையுங்கள். தேவைப்படும் நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் தெம்பு இருக்காது.